உள்ளங்கையின் நிறம்

மணலை வெள்ளையாக்கினால் கை சிவந்துபோகிறது. கையைச் சரியாக்கினால் மணல் பாசி பிடித்தமாதிரி பச்சையாகிறது. மத்தியானம் சோறு தின்று கைகழுவி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததிலிருந்து இதே பாடுதான், இரண்டில் ஒன்றுக்குத்தான் இடங்கொடுப்பேன் என்கிறது இந்தப் படம். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். அதே கை. ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே காட்டிக்கொண்டு, கடலுக்கு அடியிலிருந்து என் தம்பி இஞ்ஞாசியின் கை. முகம் கிடையாது, தோள் கிடையாது, மணிக்கட்டோடு சரி. ஒரு தடவை இறங்கி எடுத்த படமெல்லாம் ஒரு கட்டு, எந்தக் கட்டைத் திறந்தாலும் முதல் படம் இந்தக் கைதான். தண்ணீருக்குள் இறங்கித் தரை தட்டியதும், மீனைப் பார்க்குமுன்னே, பாறையைப் பார்க்குமுன்னே, இடது கையை மணலுக்கு மேலே விரித்துப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துவிடுவான். கடலு நிறத்தையெல்லாம் தின்னுபோடும் எக்கா, ஆனா என் கை என்ன நிறம்னு ஒனக்குத் தெரியுமில்லா, அத வச்சு மத்ததக் கண்டுபிடிச்சுக்கோ என்பான். மற்றவர்கள் இதற்கென்று வெள்ளைப் பலகை கொண்டுபோவார்களாம். இவனும் ஒன்று வாங்கினான், முதல் நாளே கடலில் தவறவிட்டான், கை கெடக்கும்போது பலகை என்னத்துக்கு என்று அதோடு விட்டான். நானும் கையை வைத்தே பழகிக்கொண்டேன். கை கையாகிற வரைக்கும் சிவப்பைக் கூட்டு, நீலத்தைக் குறை, கை வந்துவிட்டால் அதே அளவை அந்த இடத்தில் எடுத்த எல்லாப் படத்துக்கும் போடு. கிளிமீன் கிளி நிறத்துக்கு வந்துவிடும், கடல்தாமரை சிவக்கும், பாறை இடுக்கில் சாம்பல் மூட்டைமாதிரி கிடக்கிற ஒன்று திடீரென்று ஆரஞ்சு நட்சத்திரமாக முழித்துக்கொள்ளும். அந்தக் கை எனக்குத் தெரியாதா? பிறந்த அன்றைக்கு மூடிக்கிடந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவள் நான். புறங்கை வெயிலில் கறுத்தது, உள்ளங்கை சப்பாத்தி மாவில் கொஞ்சம் மஞ்சள் சேர்த்தமாதிரி, கட்டைவிரலுக்குக் கீழே சங்கு கிழித்த தழும்பு. சிவப்பு கிடையாது. என் தம்பியின் கையில் சிவப்பு என்றைக்கும் இருந்தது கிடையாது. இந்தப் படத்தில் மணலை அதன் நிறத்துக்குக் கொண்டுவந்தால், பீட்ரூட் நறுக்கிவிட்டுக் கழுவாமல் வந்த கைமாதிரி இருக்கிறது, நகத்துக்கு அடியிலெல்லாம்.

பின்வாசலில் கம்ப்ரசர் அலறுகிறது. என் மகன் பெவின் சிலிண்டருக்குக் காற்று அடைக்கிறான். நாளைக் காலையில் காலேஜ் பிள்ளைகள் கடல்புல் பார்க்க இறங்குகிறார்கள், அவர்களுக்கு. காலையிலேயே அடைத்திருக்க வேண்டியது, எந்திரத்துக்குப் பெட்ரோல் இல்லை, வாங்கிக்கொண்டு வந்து ஆரம்பிக்க மத்தியானமாகிவிட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போனது, ஓடும்போது கேட்காது, நின்றால்தான் கேட்கும். இன்றைக்கு என்னவோ ஓடும்போதே கேட்கிறது. பல்லுக்குள் கேட்கிறது. இன்னொரு தடவை சிவப்பை ஒரு மயிரிழை குறைத்தேன், கை கொஞ்சம் அடங்கிற்று, மணல் உடனே பச்சைக்கு ஓடிற்று. பச்சை என்றால் எனக்கு ஆகாது. இஞ்ஞாசி சங்கு குளித்த காலத்தில் ஒருநாள் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான், எக்கா, அடியில கை கிழிஞ்சிட்டு, பச்சையா ரத்தம் வந்துச்சு எக்கா, பச்சப் புகை மாதிரி, நான் செத்துட்டேன்னே நெனச்சேன், மேல வந்து பாத்தா செவப்பு. சொல்லிவிட்டுச் சிரித்தான். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. சிவப்பு ஆழத்துக்கு இறங்காது, முதலில் போகிறது அதுதான், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், கடைசியில் நீலம் மட்டும் மிஞ்சும், விளக்குக் கொண்டுபோனால்தான் போன நிறம் திரும்பும் என்று பின்னாடி அவனே எனக்குச் சொல்லித்தந்தான். அது தெரிந்தும் என்ன, என் தம்பிக்குப் பச்சை ரத்தம் ஓடுகிற ஓர் இடம் இருக்கிறது, தினமும் அங்கே போய்விட்டு வருகிறான் என்பதுதான் எனக்குள் தங்கியது. நேற்று ஒரு பிள்ளை வந்திருந்தாள், நிவாஷினி என்று பேர், நாளைக்கு இறங்குகிறவர்களில் ஒருத்தி, சுவரில் மாட்டியிருக்கிற படங்களைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள், ஆன்ட்டி, கடலுக்குள்ள இவ்வளவு கலர் தெரியாதாமே, பெவின் அண்ணன் சொன்னாங்க, எல்லாரையும் ஏமாத்துறீங்களா? நான் சொன்னேன், கலர் அங்கதாம்மா இருக்கு, நம்ம கண்ணுக்குத்தான் வரமாட்டேங்கு. அப்ப நான் பாக்கிற கடல்குதிரை சாம்பலாத்தான் இருக்குமா என்றாள். உதட்டைப் பிதுக்கினாள். என் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்துவிட்டுப் போனாள். அவள் விரல் குளிர்ந்திருந்தது. நல்ல நிறம்.

இந்தக் காமிரா கார்டை ஒரு வருசமாக நான் திறக்கவில்லை. மேசை டிராயரில், தையல் நூலுக்குக் கீழே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இஞ்ஞாசிக்கு முதல் வருச நினைவுத் திருப்பலி, மாமா எடுத்த படத்தையெல்லாம் பெரிதாக அச்சுப்போட்டுக் கோயில் மண்டபத்தில் தொங்கவிடப்போகிறேன் என்று பெவின் ஒற்றைக்காலில் நிற்கிறான், கடைசியா எடுத்ததும் வேணும்மா, நீ பாக்கலேன்னா நான் பாப்பேன். அவன் பார்க்க வேண்டாமென்று நான் உட்கார்ந்தேன். அந்தக் கடைசி நாளில் இரண்டு கட்டு இருக்கிறது. காலையில் இறங்கியது ஒன்று, சாப்பிட்டுவிட்டு மறுபடி இறங்கியது ஒன்று. காலைக் கட்டை எடுத்துப் பார்த்தேன், கையும் சரி, மணலும் சரி, இரண்டும் ஒரே அளவில் சொன்னபடி வந்து நின்றன. அதில் ஒரு கணவாய், உடம்பெல்லாம் வரி ஓடவிட்டுக்கொண்டு, என்னையே பார்க்கிற கண். அழகாக வந்தது. அந்த அளவைத் தூக்கி இரண்டாவது கட்டுக்குப் போட்டேன், மணல் அச்சாக வந்தது, கடல்தாமரை வந்தது, அதற்குள் ஒளிந்திருந்த கோமாளி மீனும் வந்தது, கை மட்டும் இப்படி. விளக்கில் மின்சாரம் குறைந்திருக்கும் என்றேன். குறைந்தால் மணலும் மாறியிருக்க வேண்டும். ஏதாவது சிவப்பைத் தொட்டிருப்பான் என்றேன், தொட்டால் ஓரிடத்தில் இருக்கும், நகத்துக்குள்ளே போகுமா? வெயிலில் படகில் உட்கார்ந்திருந்தான், அதனால் இருக்கும், வெயில் உள்ளங்கையில் எங்கே அடித்தது? ஒவ்வொன்றாக நானே கேட்டு நானே தள்ளிக்கொண்டிருக்கிறேன், தள்ளத் தள்ளக் கை இன்னும் பக்கத்தில் வருகிறது. காலைக் கையில் விரல்கள் இறுக்கமாக நிற்கின்றன. இந்தக் கையில் சுண்டுவிரல் கொஞ்சம் மடங்கியிருக்கிறது. தூக்கம் வருகிற பிள்ளையின் கைமாதிரி. நில் என்று சொல்கிற கையா இது, வருகிறேன் என்று சொல்கிற கையா? யாருக்குக் காட்டினான், எனக்குத்தானே காட்டினான், எக்கா பாத்துக்கோ என்று, ஒரு வருசமாகக் காட்டிக்கொண்டே நூலுக்குக் கீழே கிடந்திருக்கிறான்.

படகுக்காரர் தொம்மை எத்தனை பேர் கேட்டும் ஒரே மாதிரிதான் சொன்னார். ஏறி வந்தான், தாயே, நல்லாத்தான் ஏறி வந்தான். காமிராவ என் கையில தந்தான். அண்ணே தல வலிக்கி, கொஞ்சம் சாயிறேன்னான். வெயிலு இல்லா, துண்ட நனச்சு மூஞ்சியில போட்டுவிட்டேன். கர பக்கத்தில வந்து, எந்திரில மாப்பிள, ஒன் அக்கா மீன் கொழம்பு மணக்குன்னு காலத் தட்டுதேன், அசையல. இதைச் சொல்லும்போது அவர் ஒவ்வொரு தடவையும் தன் காலைத்தான் தட்டிக் காட்டுவார். ஆஸ்பத்திரியில் நெஞ்சடைப்பு என்றார்கள், வயசு, வெயில், கடலில் கிடக்கிற உடம்பு. தண்ணீருக்குள் போனவனில்லையே, படகில் படுத்துத் தூங்கியவன், அறுத்துப் பார்க்க வேண்டாம் என்று நாங்கள் கும்பிட்டோம். விட்டுவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தபோது வந்தவர்களெல்லாம் அழுவதற்கு முன்னால் அவன் முகத்தைக் குனிந்து பார்த்தார்கள். என்ன களை பாத்தியா. மாதா கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கா. பாவமில்லாத சாவு. செத்த மொகமா இது, கன்னத்தப் பாருங்க. தெருவில் இருக்கிற பெரிய மனுசி ஒருத்தி தன் ஜெபமாலையை எடுத்து அவன் கன்னத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தாள், புனிதர் எலும்பைத் தொடுகிறமாதிரி. எனக்கும் அதுதான் ஆறுதல். ஒரு வருசமாக அதைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறேன், என் தம்பி களையோடு போனான், அவன் கன்னத்துக்கு யாரும் நிறம் போட வேண்டியிருக்கவில்லை. நிறம் போட வேண்டியிருக்கவில்லை. இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு முள்ளில் மாட்டின சேலைமாதிரி நிற்கிறது, இழுத்தால் கிழியும் என்று தெரிகிறது, ஒரு வருசமாக நான் இழுக்காமல் வைத்திருந்தது இதைத்தானோ. ஏனென்றால் செத்தவர் கன்னத்துக்கு நிறம் போட்டவள் நான். கல்யாணத்துக்கு முந்தி ஸ்டுடியோவில் எனக்கு அதுதான் வேலை. கறுப்பு வெள்ளைப் படத்தில் பூந்தூரிகையால் சேலைக்குப் பச்சை, பூவுக்கு மஞ்சள், கன்னத்துக்குத் துளி ரோஸ். செத்தவரை உட்கார்த்திக் குடும்பத்தோடு எடுத்த படமும் வரும். முதலாளி சொல்லுவார், தெக்ளா, உயிரோட இருக்கிறவனுக்குப் போடுறதுல பாதி போடு, முழுசாப் போட்டா எந்திரிச்சிருவான். படம் எடுக்கப் போகிற இடத்துக்கு விளக்குப் பிடிக்க என்னையும் கூட்டிப் போவார். ஒருநாள் போனது ஒரு கல்யாண வீட்டுக்கு. பந்தலுக்கு ஜெனரேட்டர் ஓட்டுகிற இரண்டு பேர், மழையென்று எந்திரத்தை அறைக்குள் இழுத்துவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள், காலையில் எந்திரிக்கவில்லை. துணியை விலக்கினதும் முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார், யாரு தெக்ளா அதுக்குள்ள இவனுகளுக்குச் செவப்புப் போட்டது? மாப்பிள்ளை வீட்டாரைவிட நிறமாக இருந்தார்கள் இருவரும். பக்கத்தில் நின்ற கம்பவுண்டர்தான் சொன்னார், புகை குடிச்ச ரத்தம்மா, அப்படித்தான் செவக்கும், பாக்கிறதுக்கு நல்லாயிருக்கும்.

பார்க்கிறதுக்கு நல்லாயிருக்கும். இல்லை. இல்லை, அது அறை, கதவு சாத்தின அறை. இவன் இருந்தது கடலில், புகை எங்கிருந்து வரும், கடலுக்குள் யார் அடுப்பு மூட்டினார்கள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சன்னல்பக்கம் போனேன், தண்ணீர் குடிக்கத்தான் போனேன், செம்பைக் கையில் எடுத்தபோது அந்த மணம் வந்தது. பெட்ரோல் புகை. மெல்லிசாக, வெல்லம் தீய்ந்தமாதிரி தித்திப்போடு. காலையில் இந்த மணம் வீட்டுக்குள் வராது. காலையில் கரைக்காற்று வீசும், எந்திரம் கக்குகிற புகையைக் கடல் பக்கமாக அள்ளிக்கொண்டு போய்விடும். மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பும், கடலிலிருந்து வீசும், அப்போது புகை சுவரில் முட்டித் திரும்பி வரும். சிலிண்டருக்குக் காற்றை உறிஞ்சுகிற குழாயின் வாய் அந்தச் சுவரோரம்தான் கிடக்கும். காற்று திரும்பினால் குழாயையும் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும், இஞ்ஞாசி இருந்தால் வேலைக்கு நடுவில் தலையைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, லேய் மருமவனே, காத்து மாறிட்டு, குழாயத் தூக்குல என்பான், பெவின் தூக்குவான். இஞ்ஞாசி இல்லாத நாளில்? சாவதற்கு முந்தின நாள் இஞ்ஞாசி வீட்டில் இல்லை. வலைக்குச் சாமான் வாங்க ஊருக்குள் போயிருந்தான். பெவின் மட்டும் அடைத்தான். ஒரு சிலிண்டர் அடைத்து முடித்தான், நான்தான் கூப்பிட்டேன், சோறு ஆறுது வால, தின்னுட்டு மத்தத அடை. தின்றான். மீன் தலையைச் சப்பிக்கொண்டே போனில் யாருக்கோ பதில் போட்டான். தின்றுவிட்டுப் போய், காற்று திரும்பினபிறகு, இன்னொன்றை அடைத்தான். முதலாவது காலையில் இறங்கினதுக்கு, இரண்டாவது மத்தியானத்துக்கு. காலைக் கை சரி. மத்தியானக் கை இது. செம்பைக் குடிக்காமலே கீழே வைத்தேன். கதவு சாத்தின அறை இல்லை என்று சொன்னேனே, அந்தச் சிலிண்டரைவிடச் சாத்தின அறை எங்கே இருக்கிறது, அவன் அதைத் தோளில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினான், பெண்டாட்டியும் இல்லை பிள்ளையும் இல்லை, என் மகனைத்தான் பிள்ளையென்று வளர்த்தான், அந்தப் பிள்ளை அடைத்துத் தந்த அறை. இறங்கி, தரை தட்டி, கையை விரித்து எனக்குக் காட்டினான். அதற்குள் புகை ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது.

இப்போது என்ன செய்ய வேண்டுமென்று தெரியாதவள்போல மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்து மணலைப் பச்சையாக்கினேன், கை அவன் கையாகிவிட்டது. எவ்வளவு லேசு. இப்படியே வைத்துக் கடலைக் கொஞ்சம் இருட்டிவிட்டால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள், மண்டபத்தில் தொங்கும், எல்லாரும் கும்பிட்டுப் போவார்கள். நெஞ்சடைப்பு நெஞ்சடைப்பாகவே இருக்கட்டும். களை களையாகவே இருக்கட்டும். பெவின் மாமன் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறவன், மாமன் செருப்பை இன்னும் வாசலை விட்டு எடுக்கவிடாதவன், குடிக்கிற வயசில் குடிக்காதவன், மாமன் மாதிரி நடக்கிறவன், அவனிடம் போய் என்ன சொல்லுவேன்? நீ அடைச்ச காத்துல என்றா? அதற்குமேல் அவன் எப்படிச் சோறு தின்னுவான், அதே மேசையில், நான் பரிமாறி. ஒருவனைக் கொடுத்தாயிற்று, இன்னொருவனையும் கொடுக்கவா? அவனுக்குத் தெரியாமல் இருந்தால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்டேன், கேட்டு முடிப்பதற்குள் கம்ப்ரசர் சத்தம் காதுக்குள் வந்துவிட்டது. ஓடுகிறது. இப்போதும் ஓடுகிறது. காற்று திரும்பிவிட்டது, புகை சன்னலில் வருகிறது, அவன் இப்போதும் அடைத்துக்கொண்டிருக்கிறான். சாம்பல் நிறக் கடல்குதிரை பார்க்கப் போகிறாள் ஒருத்தி. என் கன்னத்தில் அவள் விரல் பட்ட இடம் அப்படியே சில்லென்று ஆயிற்று. சரி, பொய் சொல்லுவோம். தலை வலிக்கிறது, புகை வீட்டுக்குள் வருகிறது, குழாயைத் திருப்பிப் போடு என்று சொல்லுவோம். இதில் பொய்கூட இல்லை, தலை வலிக்கத்தான் செய்கிறது. குழாய் திரும்பும், காற்று சுத்தமாகும், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம், மீதியை நான் வைத்துக்கொள்கிறேன், இத்தனை வைத்திருக்கிறவளுக்கு இது ஒரு பாரமா. படத்தை மூடாமலே எழுந்தேன். அடுக்களையைத் தாண்டும்போது முதுகில் அந்தக் கை வைத்தமாதிரி இருந்தது, தள்ளுகிறதா, பிடித்து நிறுத்துகிறதா என்று தெரியவில்லை.

பின்வாசலில் பெவின் சட்டையில்லாமல், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஈரச் சாக்குப் போட்டுச் சிலிண்டர்களை வரிசையாகச் சாத்தியிருந்தான். குழாயின் வாய் சுவரோரம்தான் கிடந்தது. புகை அதைத் தடவிக்கொண்டு போனது, கண்ணுக்குத் தெரியாமல், மணத்தில் தெரிந்தது. நான் கத்தினேன், நிறுத்துல அத. என்னம்மா? நிறுத்துங்கேன், பொகை வீட்டுக்குள்ள வருது, தல வலிக்கி. நிறுத்தினான். நின்றதும் காக்கைச் சத்தமெல்லாம் ஒரேயடியாக வந்து விழுந்தது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தான், அட, காத்து மாறிட்டு, கவனிக்கல பாத்துக்கோ. நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தான். மாமா இருந்தா இந்நேரம் பொடதியில ஒண்ணு போட்டிருக்கும், நான் எப்பவும் இதத்தான் மறப்பேன். குழாயைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கடைசியில், முருங்கைக் கொப்பில் கட்டினான். இனி வராது, நீ போய்ச் சித்த படு, காப்பி நான் போட்டுத் தாரேன். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. நான் நினைத்ததைவிட லேசாக முடிந்துவிட்டது, எனக்குக் கால் தரையில் பாவவில்லை, திரும்பி ஒரு காலை நடையில் வைத்தும்விட்டேன். அப்போது வாசலில் ஆட்டோ ஆரன் கேட்டது. லோடு ஆட்டோ வந்துட்டும்மா என்று சொல்லிக்கொண்டே பெவின் சாக்கை விலக்கினான், மூன்று ரெடி, இத அனுப்பிட்டு மத்தத அப்புறம் அடச்சுக்கிடுதேன். ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்தான். எனக்குப் புத்தியில் இவ்வளவு நேரமும் குழாய்தான் இருந்தது, அடைத்து முடித்தது இல்லை. குழாய் திரும்பிவிட்டது. ஆனால் அந்த மூன்றுக்குள்ளே போனது போனதுதான், அது திரும்பாது. அதக் குடுக்காத என்றேன். ஏம்மா? பொகை போயிருக்கும்ல. அவன் சிரித்தான். அதெல்லாம் உள்ள கரி டப்பா இருக்குல்லா, இழுத்துரும், பொகை மணம் துளிகூட இருக்காது. நான் நம்பவில்லை என்று நினைத்தானோ என்னவோ, சிலிண்டரை இறக்கி வைத்தான், வால்வைக் கொஞ்சம் திருகினான், மூக்கை வைத்து இழுத்தான், ஆகா என்றான், பச்சத்தண்ணி மாதிரி இருக்கு, இந்தா நீயும் பாரு. என் முகத்துக்கு நேரே திருப்பினான். சில்லென்று வந்தது. ஒரு மணமும் இல்லை. நன்றாக இருந்தது, அதுதான், அந்த வேக்காட்டில் முகத்தில் பட்டபோது அவ்வளவு நன்றாக இருந்தது, இன்னும் கொஞ்சம் நிற்கலாம்போல இருந்தது. கரி மணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு விசத்தை விட்டிருக்கும், இதைத்தான் இஞ்ஞாசியும் இழுத்திருப்பான். ஒரு குறையும் தெரிந்திருக்காது, மருமகன் அடைத்த காற்று நன்றாக இருக்கிறது என்றுதான் இழுத்திருப்பான். நான் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பெவின் என் முகத்தைப் பார்த்தான், வேர்த்து, பெருமையாக, மாமன் சாயலில் ஒரு பக்கமாக வாயைக் கோணிக்கொண்டு. எம்மா, மாமாவுக்கே நான்தான அடச்சுக் குடுத்தேன், ஒருநாள் கொற சொல்லியிருக்குமா அந்த மனுசன்? வாசலில் ஆட்டோக்காரர் மறுபடி ஆரன் அடித்தார். வால்விலிருந்து காற்று இன்னும் மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. நான் கிட்டே போய் அவன் தோளைத் தொட்டேன், சூடாக இருந்தது. பெவின், ஒன் மாமா நெஞ்சடச்சுச் சாகலல, காத்துல பொகை இருந்திருக்கு என்றேன். சீறுகிற சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன். முதல் தடவையே கேட்டிருந்தது. மூடப்போன கை வால்வின்மேல் அப்படியே நின்றது. அப்புறம் அவன் திருகினான், மூடுகிற பக்கமாக இல்லை, திறக்கிற பக்கமாக, அடைத்த காற்றெல்லாம் வெளியே சீறிப் போகும்படி, கடைசி வரைக்கும்.